கோடையும் கொண்டலும்

தமிழில் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கோடை என்னும் சொல் பழைய நூல்களில் மேல்காற்றையும் அக்காற்று வீசும் வெயிற்காலத்தையும் ஒருங்கே குறித்து வந்து, பிற்காலத்தில் காற்று என்னும் பொருள் வழக்கொழிய, இன்று பருவத்தின் பெயராக மட்டும் எஞ்சி நிற்கிறது. அகராதிக்குள் ஒதுங்கிவிட்ட அந்தப் பழைய பொருளைச் சென்னை நகரம் ஆண்டுதோறும் சித்திரையிலும் வைகாசியிலும் உடம்பால் அறிந்துகொள்கிறது. ஏனெனில் அந்நகரத்தில் ஒரு நாள் தாங்கக்கூடியதா இல்லையா என்பதைச் சூரியனைக் காட்டிலும், மேல்காற்றுக்கும் கீழ்காற்றுக்கும் இடையே நண்பகலில் நடக்கும் இழுபறியே முடிவு செய்கிறது.

இந்த இழுபறியின் இயக்கம் எளியது. நிலம் விரைவில் சூடேறும், கடல் மெல்லச் சூடேறும்; முற்பகலில் தரையை ஒட்டிய காற்று வெப்பத்தால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்புவதற்குக் கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி நகர்கிறது. கடற்காற்று எனப்படுவது இதுவே. மேல்காற்று வலுக் குன்றியிருக்கும் நாளில் இது பகல் 12 மணியை ஒட்டியே கரையேறிவிடும். மேல்காற்று ஓங்கியிருக்கும் நாளில் 2 மணி, 3 மணி என்று தள்ளிப்போகும். சில நாள்களில் வராமலே போய்விடும். வந்த நாளிலும் எல்லார்க்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கடலோரத் திருவல்லிக்கேணியில் இருப்பவர் கிழக்குச் சன்னலைத் திறந்து வைத்துக் குட்டித்தூக்கம் போட்டு எழுந்த பின்னும், மேற்கே அம்பத்தூரில் இருப்பவர் கையிலுள்ள ஓலைவிசிறியைக் கீழே வைத்திருக்க மாட்டார். காற்றோடு ஈரமும் சேர்ந்தே வருவதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை என்னும் குறை உண்டு. ஆயினும் அசைகின்ற புழுக்கம் அசையாத புழுக்கத்தைவிட மேலானது என்பதில் நகரத்தார் யாருக்கும் ஐயம் இல்லை.

இக்காற்றைத் தேடிப் போவதற்குத் தமிழ் வழங்கிய தொடர் ‘காற்று வாங்குதல்’ என்பதாகும். வாங்குதல் என்னும் வினைக்குப் பெறுதல், விலைக்குக் கொள்ளுதல் என்னும் இரு பொருளும் இன்றைய வழக்கில் உள்ளன. அடி வாங்குவதையும் கெட்ட பேர் வாங்குவதையும் தள்ளிவிட்டால், நகரவாசி காசில்லாமல் வாங்கக்கூடிய பொருள் காற்று ஒன்றே எனலாம். சென்னைவாசியின் கோடை உலாவும் தீனியும் பொழுதுபோக்கும், எவ்வளவு வகைப்பட்டனவாகத் தோன்றினாலும், இவ்வினையின் இரு பொருளுக்கு நடுவில்தான் நகர்கின்றன: குளிர்ச்சியைச் சும்மா பெறுவது ஒரு முனை, அதை விலை கொடுத்துக் கொள்வது மறுமுனை.

வெயிற்காலத்து நகரவாசி கடற்கரைக்குப் போவது இன்று நேற்று முளைத்த பழக்கம் அன்று. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழா சித்திரைத் திங்களில், சித்திரை மீனோடு முழுநிலவு கூடிய நாளில் நிகழ்கிறது. அவ்விழாவின் முடிவில்தான் மாதவி கடல் விளையாட்டைக் காண விரும்ப, கோவலனும் அவளும் வைகறை இருளில் கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். கடலாடு காதை அக்கரையில் தெரிந்த விளக்குகளை வரிசையாகச் சொல்லிச் செல்லும் இடம், கோடைக்காலத்துக் கடற்கரை அங்காடியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் தொன்மையான காட்சிகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. சந்தனமும் பூவும் விற்போர் விளக்கு, மோதகம் விற்போர் விளக்கு, கூவியர் எனப்பட்ட அப்பம் சுடுவோர் கரிய அகலில் ஏற்றிய விளக்கு, இடையிடையே மீன் விற்போர் விளக்கு என அப்பட்டியலில் பாதி தின்பண்டமாகவே இருக்கிறது. கடலைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பசிக்கும் என்பதைப் புகார் நகரத்து வணிகர் நன்றாகவே அறிந்திருந்தனர்.

சென்னையின் மெரினா அப்படிப்பட்ட தொன்மை உடையதன்று. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப் 1884இல் கடலோரமாக உலாவும் சாலை ஒன்றை அமைத்து, இத்தாலியக் கடற்கரைகளின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயரிட்டார். சாலையை அமைத்தது ஆளுநர் என்றாலும், அதன் முன் விரிந்து கிடக்கும் மணலை அமைத்தது துறைமுகம் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக உருட்டிக்கொண்டு போகின்றன; 1870களின் பிற்பாதியில் செயற்கைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது அவ்வோட்டம் தடைப்பட்டு, சுவருக்குத் தெற்கே மணல் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து கரை அகன்றது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் சேராமையால் இராயபுரம், காசிமேடு பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. இன்று அங்கே மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டிய தடுப்புச்சுவரே கடலை எதிர்கொள்கிறது. தென்சென்னைக் குடும்பம் பாய் விரித்து உட்காரும் மணலில் வடசென்னை இழந்த கரையும் கலந்திருக்கிறது. நகரத்தின் இலவச இன்பத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

மாலை 5 மணிக்குமேல் அந்த மணல் ஊராகிவிடுகிறது. குளிப்பதற்குத் தடை உள்ள கடல் என்பதால் கணுக்கால் நனைய நிற்பதே பெரும்பாலோரின் கடலாட்டு. எஞ்சிய நேரமெல்லாம் வாய்க்கு உரியது. மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், கிளிமூக்கு மாங்காயை மலர்போலக் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் அப்பிய பத்தை ஆகிய அனைத்துக்கும் மேலாகக் கடற்கரைக்கே உரியதாக நிலைபெற்றது தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல். முந்தின இரவே ஊறப்போட்ட காய்ந்த பட்டாணி குழையாமலும் கடிபடாமலும் இருக்கும் பதத்தில் வெந்திருக்க வேண்டும். தாளிப்பில் கறிவேப்பிலை கருகக் கூடாது. மாங்காய்த் துருவல் புளிப்பின் உச்சத்தில் இருக்க, தேங்காய் அப்புளிப்பைத் தணிக்க வேண்டும். தூக்குவாளியோடு மணலில் நடந்து விற்பவர் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் கட்டித் தரும்போது, அட்டையைக் கிழித்து ஒரு துண்டைக் கரண்டியாகச் செருகுவார். அச்சு மை உணவில் படுவது நல்லதன்று என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்வது முற்றிலும் சரி. எவர்சில்வர் தட்டில் வைத்தால் அந்தச் சுண்டல் சுவைக்காது என்று நாக்கு சொல்வதும் சரியே.

இரவு 10 மணியை ஒட்டிக் காவலர் ரோந்து வந்து மணலில் இருப்போரை எழுப்பி அனுப்புகின்றனர். பாதுகாப்பைக் கருதியது என்னும் வகையில் இதற்கு நியாயம் உண்டு. ஆயினும் குளிர்சாதனம் இல்லாத ஓரறை வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்க்குக் காற்று மிகவும் தேவைப்படும் பொழுதும் அதுவே என்பதை இந்த ஏற்பாடு கணக்கில் எடுப்பதில்லை.

குளிர்ச்சியை விலைக்குக் கொள்ளும் முனையின் தொடக்கத்தையும் இதே கடற்கரைச் சாலையிலேயே காணலாம். விவேகானந்தர் இல்லம் என இன்று வழங்கும், பக்கங்கள் வளைந்து நிற்கும் அக்கட்டடம் 1842இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குச் சென்ற முதல் சரக்கில் 180 டன் ஏற்றப்பட்டு, நான்கு மாதப் பயணத்தின் இறுதியில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் கரை சேர்ந்தது. சென்னையில் அப்பனி வெள்ளைக்கார அதிகாரிகளின் மதுக்கோப்பைக்கும் மருத்துவமனைக் காய்ச்சல்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கிடங்குக்கு எதிரே வலை இழுத்தவர் நாவில் அது பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீராவியின் துணையால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வணிகம் நொடித்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் கைக்கு மாறியது. 1897இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பெயர்ப்பலகை மாறினாலும் சுற்றுவட்டாரம் முழுவதும் நகரத்தார் வாயில் இன்றுவரை ஐஸ்ஹவுஸ்தான்.

உள்ளூர்ப் பனிக்கட்டி மலிவானதன் பயன் தெருவுக்கு வந்து சேர்ந்தது. குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ் எனச் சிறுவர்க்கு உரியவையும், நன்னாரி வேரை ஊறவைத்துக் காய்ச்சிய பாகில் எலுமிச்சை பிழிந்த சர்பத்தும், பன்னீர் மணக்கும் சோடாவும், இரவு 9 மணிக்குமேல் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டியும் அந்த மலிவின் பிள்ளைகள். மயிலாப்பூர் மாட வீதியில் செய்தித்தாள் விற்கத் தொடங்கிய காளத்தி கடை, செய்தியைவிட ரோஸ்மில்க்குக்காகவே இன்று அறியப்படுகிறது. கோலி சோடா புட்டியோ ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலிக்குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு ஒட்டி மூடிவைக்கிறது, கட்டைவிரலின் ஓர் அழுத்தத்தில் அம்மூடி தோற்று உள்ளே விழுகிறது. குடிப்பதற்கு முன்னரே கோலி விழும் சத்தத்தில் தாகம் பாதி தீர்ந்துவிடுகிறது.

பனிக்கட்டி எதுவும் தேவைப்படாத குளிர்ச்சி நுங்கு. தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையின் இளங்காய்க்குள் இருக்கும் மூன்று கண்களும் மூன்று விதைகள். அவை முற்றுவதற்கு முன் கூழ்மமாக இருக்கும் நிலையே நுங்கு எனப்படுகிறது. சாலையோரத்தில் குலைகளைக் குவித்து அமர்ந்திருக்கும் வியாபாரி, காயை இடக்கையில் உருட்டி, அரிவாளால் தலையை ஒரே வீச்சில் சீவுவார். வீச்சு ஒரு நூல் மேலே போனால் கண் திறக்காது, ஒரு நூல் கீழே போனால் உள்ளிருக்கும் நீர் மண்ணில் சிந்திவிடும். அவ்வாறு திறந்த கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டு நெம்பி அப்படியே உறிஞ்சுவது ஊர்ப்புற முறை. தோலோடு தோண்டி எடுத்த சுளைகளை டஜன் கணக்கில் நெகிழிப் பையில் போட்டு வாங்கிச் செல்வது நகர முறை. விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால் உள்ளே நீர் தளும்ப வேண்டும். அழுத்தத்துக்கு இணங்காதது முற்றிப்போனது, அதற்குக் கடுக்காய் என்று பெயர், அதைத் தின்றால் வயிறு வலிக்கும் என்பது பாட்டிமார் தீர்ப்பு. சுளையைப் போர்த்திய மெல்லிய பழுப்புத் தோல் துவர்க்கும். அதை உரித்து எறிந்துவிட்டுத் தின்பவர் நுங்கில் பாதியைத்தான் அறிந்தவர் ஆவார்.

கூழ் வண்டியையும் இங்கே விட்டுவிட முடியாது. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியோடு காய்ச்சி, ஆறியபின் மோர் விட்டுக் கரைத்த கூழைச் சொம்பில் வாங்கி வண்டியோரம் நின்றபடியே குடிக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அதுவே பகலுணவு. மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, சின்ன வெங்காயம், கருவாடு என்று தொட்டுக்கொள்ளத் தட்டு நிறைய வைத்திருப்பார்கள். அதே கூழ் இப்போது நட்சத்திர உணவகங்களில் மண்சட்டியில் வைத்துச் சிறுதானிய உணவு என்ற பட்டத்தோடு பலமடங்கு விலைக்குப் பரிமாறப்படுகிறது. தாகத்துக்கு விலை வைக்காத மரபும் தமிழகத்தில் உண்டு: திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவன்று மயிலாப்பூர் முழுவதும் நீர்மோரும் பானகமும் வழங்குவோர் அம்மரபின் தொடர்ச்சி. அரசியல் கட்சிகள் திறக்கும் நீர்மோர்ப் பந்தல்களும் அப்படியே, பந்தலைவிடப் பதாகை பெரிதாக இருப்பதைப் பொறுத்துக்கொண்டால்.

கடற்காற்று வராத பகல்பொழுதைக் கழிப்பதற்கு நகரம் கண்டுபிடித்த வழி திரையரங்கின் பகல்காட்சி ஆகும். வாசலில் ‘குளுகுளு வசதி செய்யப்பட்டது’ என்று எழுதிவைத்த காலத்தில் அவ்வாசகம் படத்தின் பெயருக்கு நிகரான கவர்ச்சி உடையதாக இருந்தது. 1964இல் அண்ணா சாலையில் எழுந்த சபையர் வளாகத்தின் மூன்று அரங்குகளுள் ஒன்றாகிய புளூ டைமண்டில் தொடர்காட்சி என்னும் முறை இருந்தது. அதாவது படம் இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஓடும், ஒருமுறை சீட்டு வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் விரும்பும் வரை அமர்ந்திருக்கலாம். படத்தின் முடிவை முதலிலும் தொடக்கத்தைப் பின்னரும் பார்த்தவர்களும், எதையும் பார்க்காமல் தூங்கி எழுந்தவர்களும் அங்கே நிறைய. குளிர்ச்சியை மணிக்கணக்கில் விற்ற அவ்வளவு நேர்மையான ஏற்பாடு பிறகு சென்னையில் அமையவில்லை; வளாகமும் இன்று இல்லை. அவ்வளாகம் ஆற்றிய பங்கை இப்போது பேரங்காடிகள் ஏற்றுள்ளன. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது என்றாலும், ஒரு குடும்பம் எதையும் வாங்காமல் வெளியேறுவதற்கு நிரம்ப மனவுறுதி வேண்டும். குளிர்சாதனம் ஓர் அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டும் கருவியே என்பதால், உள்ளே இருப்பவர் வாங்கிய குளிர்ச்சிக்குச் சந்தில் நடப்பவரும் சேர்ந்தே பங்கு செலுத்துகிறார்.

இந்நிலையில் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குளிர்ந்த மாடிகள் சிறப்பாகச் சொல்லத்தக்கவை. மே மாதத்துப் பிற்பகலில் அங்கே குழந்தைகள் பிரிவு நிறைந்துவிடுகிறது. புத்தகத்துக்காக வந்தவர் எத்தனை பேர், குளிருக்காக வந்தவர் எத்தனை பேர் என்று பிரிப்பது வீண் வேலை, குளிருக்கு வந்த சிறுவனும் இரண்டு மணி நேரம் சும்மா இருக்க முடியாமல் எதையேனும் புரட்டியே தீருவான். 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் சுரங்க நிலையங்களிலும், 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு வழியில் வந்த குளிர்சாதனப் புறநகர் ரயிலிலும் நகரவாசிக்குச் செலவுக்கு ஏற்ற குளிர்ச்சி கிடைக்கிறது. இறங்கும் நிலையம் வந்தபின்னும் எழ மனமில்லாமல் இருப்பவர்களை அந்த ரயிலில் பார்க்கலாம்.

வசதி உடையவர் நகரத்தையே விட்டுப் போகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசே கோப்புக் கட்டுகளோடு உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்தது. மலைரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியபின் மலைக்குப் போவது நடுத்தர வகுப்பின் கனவாகவும் ஆயிற்று. அக்கனவு நிறைவேறியவர் தொகை பெருகிய பெருக்கில், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்கள் மின்வழி அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களின் செயற்கை அலைகளும் முட்டுக்காட்டுப் படகுகளும் ஒரு நாள் உலாவுக்குப் போதுமானவை. அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு நீர் பீய்ச்சுவதையும் கரடிகளுக்குப் பழம் உறைந்த பனிக்கட்டி கொடுப்பதையும் வெயிலில் நின்று வியர்த்தபடி பார்க்கும் கூட்டம் மட்டும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எங்கும் போகாதவர்க்கு மொட்டை மாடி இருக்கிறது. பகலில் அது வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் பிழியும் களம். தளத்தின் சூடு அடங்க இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் இரவில் அதுவே உணவுக்கூடமாகவும் படுக்கையறையாகவும் மாறும். சித்திரை நிலவில் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, தயிர்ச்சோற்றை உருட்டி உள்ளங்கையில் வைத்து, நடுவில் குழித்து வற்றல்குழம்பு விடும் நிலாச்சோறு நகரத்துக்கு வந்தபின் சுருங்கியிருக்கிறதே தவிர ஒழியவில்லை. ஆனால் அடுக்ககங்களில் மாடிக்கதவின் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. மேற்குப் புறநகரில் மாடி கிடைத்தவர்க்கும் கொண்டல் இரவு உணவுக்குப் பிறகே வந்து சேர்வதுண்டு.

சூரியன் பரணியின் பிற்பாதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் தொடக்கம் வரை செல்லும் நாள்களை அக்கினி நட்சத்திரம் அல்லது கத்திரி என்பர். அது பெரும்பாலும் மே 4இல் தொடங்கி மே 28 அளவில் முடியும். கத்திரி முடிந்தது என்று நாளேடுகள் அறிவிப்பதை வானிலை பொருட்படுத்துவதில்லை. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான உச்ச வெப்பமாகிய 45 பாகை செல்சியசு 2003 மே 31ஆம் நாளுக்கு உரியது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நெருங்கும் அந்நாள்களில் மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைக் கரைக்கு வெளியே நிறுத்திவிடுவதே இதற்குக் காரணம். மரபுக் கணக்கும் இதற்கு இணங்கியே இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் அதில் இளவேனில், ஆனியும் ஆடியுமே முதுவேனில். பங்கனபள்ளியும் இமாம் பசந்தும் மல்கோவாவும் போய், பள்ளிகளும் திறந்துவிட்ட பிறகு தள்ளுவண்டியில் நீலம் மாம்பழம் வருகிறது. கொட்டைக்குள் வண்டு இருக்கும் என்று பேர் வாங்கிய பழம் என்பதால், வாங்குபவர் ஒன்றை நறுக்கிக் காட்டச் சொல்கிறார். விற்பவர் தோளிலிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுக்கிறார். மணி 3 ஆகியும் கிழக்கிலிருந்து ஓர் இலை அசையவில்லை.